கரண்டியைப் பற்றி நான் எழுதிய பொய்

நண்பன் ஒருவன் லாவோஸ் போய்விட்டு வந்தான். லுவாங் பிரபாங் இரவுச் சந்தையில் வாங்கியதென்று ஒரு கரண்டி கொடுத்தான். மங்கலான அலுமினியம், கையில் எடுத்தால் கனமே இல்லை. "அமெரிக்காக்காரன் போட்ட குண்டை உருக்கிச் செஞ்சதுடா" என்றான். அன்று ராத்திரியே ஃபேஸ்புக்கில் ஐந்து வரிக் கவிதை போட்டேன். கொல்ல வந்த உலோகம் கஞ்சி ஊட்டுகிறது என்கிற ரகம். நானூறு லைக். மூன்று பேர் அழுதுவிட்டதாக கமெண்ட் போட்டார்கள்.

அந்தக் கவிதை பொய். அதை எழுதியவனே சொல்வதால் கொஞ்சம் காது கொடுங்கள்.

1962-ல் ஜெனீவாவில் உட்கார்ந்து லாவோஸ் நடுநிலை நாடு என்று கையெழுத்துப் போட்டவர்களில் அமெரிக்காவும் உண்டு. 1964-லிருந்து 1973 வரை அதே நாட்டின்மீது, சொந்த மக்களுக்கே தெரியாமல் மறைத்து, ஐந்து லட்சத்து எண்பதாயிரம் முறை விமானம் அனுப்பிக் குண்டு போட்டது. இருபது லட்சம் டன்னுக்கும் மேல். ஒன்பது வருஷம், ராப்பகலாக, சராசரியாக எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம்.

இதில் கொத்துக்குண்டு என்பது தனிக் கதை. பெரிய உறை ஒன்று வானத்தில் பிளக்கும். உள்ளேயிருந்து டென்னிஸ் பந்து அளவில் நூற்றுக்கணக்கான சின்னக் குண்டுகள் சிதறும். லாவோஸ்காரர்கள் இதை 'பாம்பி' என்கிறார்கள். மொத்தம் 27 கோடி பாம்பிகள் விழுந்தன. அதில் சுமார் முப்பது சதவீதம் வெடிக்கவில்லை. அதாவது எட்டுக் கோடி வரை. இன்று அந்த நாட்டின் மக்கள்தொகையே முக்கால் கோடிதான். தலைக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கவிதைக்கு வருவோம். கரண்டி ஆனது எது? கண்ணில் பட்டது, கைக்கு அகப்பட்டது, வெடித்தோ காலியாகவோ கிடந்தது. மண்ணுக்குள் கிடக்கும் பாம்பி கரண்டி ஆகவில்லை. வயலில் மண்வெட்டி இறங்கும்போது அது வெடிக்கிறது. புதைந்திருப்பது தெரியாமல் மேலே அடுப்பு மூட்டினால் சூட்டில் வெடிக்கிறது. பந்து என்று பிள்ளைகள் எடுத்து எறிந்தால் வெடிக்கிறது. காயலான் கடையில் எடைக்குப் போட உலோகம் பொறுக்கப் போனவர்கள் கையிலும் வெடித்திருக்கிறது. போர் முடிந்த பிறகு மட்டும் இப்படிச் செத்தவர்களும் ஊனமானவர்களும் இருபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஒருவர்கூட என் ஐந்து வரிக்குள் இல்லை. 'முடிந்துபோன போர்' என்ற நிம்மதியை வாசகனுக்குக் கொடுத்தேன், அதற்குத்தான் லைக் வந்தது.

சியாங்குவாங் மாகாணத்தில் பான் நாபியா என்ற ஊரில் இந்தக் கரண்டிகளை வார்க்கிறார்கள். "அவங்க பொழப்புல மண்ணைப் போடுறியா?" என்று கேட்கலாம். இல்லை. அவர்களிடம் உலோகம் கிடந்தது, காசு இல்லை, உருக்கினார்கள். அது கைத்தொழில். அதைச் சமாதானத்தின் குறியீடாக்கி விற்றதும் வாங்கியதும் வெளியிலிருந்து வந்த நாம். என் சண்டை நம்மோடுதான்.

நம் மொழியும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. 'வெடிக்காத குண்டு' என்கிறோம். தமிழில் எதிர்மறைப் பெயரெச்சத்துக்குக் காலம் கிடையாது. நேற்று வெடிக்கவில்லையா, இனிமேல் வெடிக்காதா, அந்தச் சொல் பிரித்துச் சொல்லாது. கேட்கிறவன் காதில் 'இது வெடிக்காது' என்றே விழுகிறது. 'இன்னும் வெடிக்காத' என்று ஒரு சொல் கூட்டினால் என்ன குறைந்துபோகும்? அதேபோல 'விபத்து'. வாழைப்பழத் தோல் வழுக்கினால் விபத்து. ஒருவன் குறிபார்த்துப் போட்டது ஐம்பது வருஷம் தாமதமாக வெடித்தால் அதற்குப் பெயர் கொலை.

பணம் இருக்கிற இடத்தில் இதே விஷயம் எப்படி நடக்கிறது பாருங்கள். 2017 செப்டம்பர் 3. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில், கட்டட வேலையில் கிடைத்த இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் குண்டு ஒன்றுக்காக அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 1.4 டன் வெடிமருந்து அடைத்த குண்டு. ஆஸ்பத்திரியில் இருந்த பச்சைக் குழந்தைகளைக்கூட மாற்றினார்கள். சாயங்காலத்துக்குள் செயலிழக்கச் செய்தார்கள். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் குண்டு அகற்றும் பிரிவு உண்டு. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால், குண்டு போட்டவர்கள் அன்று வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துத் தேடுகிறார்கள். அப்படியும் 2010-ல் கோட்டிங்கனில் குண்டு அகற்றும் பணியில் மூன்று பேர் செத்தார்கள். அத்தனை வசதி இருக்கிற நாட்டிலேயே இது சாவு வேலைதான். லாவோஸில் மெட்டல் டிடெக்டர் சத்தம் போடும் ஒவ்வொரு இடத்தையும் ஆள் குனிந்து கையால் தோண்டிப் பார்க்க வேண்டும். ஆணியா, பாம்பியா என்று அதுவரை தெரியாது.

இந்தச் செலவு யாருடையது? 2016-ல் ஒபாமா லாவோஸ் போனார். பதவியில் இருக்கும்போது அங்கே போன முதல் அமெரிக்க ஜனாதிபதி. உதவுவது தார்மீகக் கடமை என்றார், மூன்று வருஷத்துக்கு ஒன்பது கோடி டாலர் அறிவித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நல்லது, பணம் வந்தது. ஆனால் அதற்குப் பெயர் 'உதவி'. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை அமெரிக்கா ஒரே உத்தரவில் நிறுத்தியபோது கண்ணிவெடி, குண்டு அகற்றும் வேலைக்கான பணமும் சேர்ந்து நின்றது. உதவி என்றால் கொடுத்தவன் நினைத்தால் நிறுத்தலாம். கடன் என்று எழுதியிருந்தால் முடியுமா? நம் ஊர்க் கந்துவட்டிக்காரன்கூடக் கடனை உதவி என்று சொல்ல விடமாட்டான்.

கொத்துக்குண்டுகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் 2008-ல் உருவானது, 2010-ல் நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளே இருக்கின்றன. அமெரிக்கா இல்லை, ரஷ்யா இல்லை, சீனா இல்லை. உக்ரைன் போரில் ரஷ்யா இதைப் போட்டது, உக்ரைனும் போட்டது, 2023-ல் அமெரிக்கா உக்ரைனுக்கு அள்ளிக் கொடுத்தது. 2025 மார்ச்சில் லிதுவேனியா ஒப்பந்தத்திலிருந்தே வெளியேறிவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கோதுமை வயல்களில் யாரோ கரண்டி வார்ப்பார்கள், யாரோ கவிதை எழுதுவார்கள்.

இந்தியா? கையெழுத்துப் போடவில்லை. இலங்கைகூட 2018-ல் சேர்ந்துவிட்டது. லாவோஸுக்காக உருகி எழுதிய எனக்கு, என் சொந்த நாடு இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. தேடியிருந்தால் கவிதை வந்திருக்காது, கோபம் வந்திருக்கும். கோபத்துக்கு நானூறு லைக் விழாது.

அந்தப் பதிவை நீக்கவில்லை. நீக்கினால் யோக்கியன் மாதிரி ஆகிவிடும். கவிதைக்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: இன்னும் எட்டுக் கோடி வரை. இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அதற்கு இதுவரை ஏழு லைக் வந்திருக்கிறது.