பூனைப்பருந்து படுக்கும் தரிசு

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்த பிறகு திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மேலே அண்ணாந்து பார்த்தால், வட்டமடிப்பது பெரும்பாலும் உள்ளூர் கள்ளப்பருந்துதான். இறைச்சிக்கடை, குப்பைமேடு என்று ஊரோடு ஒட்டிப் பிழைக்கும் பறவை அது. வெளியூர் விருந்தாளியைப் பார்க்க வேண்டுமென்றால் டவுனை விட்டு வெளியே போக வேண்டும். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் சோளக்காடும் கொள்ளுக்காடும் தரிசும் மாறி மாறிக் கிடக்கிறதே, அந்த மாதிரி வெட்டவெளிதான் அதற்குப் பிடித்த இடம்.

அதன் பெயர் பூனைப்பருந்து. உயரத்தில் வட்டமடிக்காது. புல்நுனியை உரசுகிற மாதிரி தாழப் பறக்கும். நாலு முறை இறக்கை அடிக்கும், பிறகு இரண்டு இறக்கையையும் லேசாக மேலே தூக்கிப் பிடித்தபடி மிதக்கும். முகம் ஆந்தை முகம் போல வட்டமாக இருக்கும். அந்த வட்டம் வெறும் அழகுக்கு இல்லை. ஓசையைக் குவித்துக் காதுக்கு அனுப்பும் தட்டு. புல்லுக்குள் எலி ஓடும் சரசரப்பு அதற்கு மேலே பறக்கும்போதே கேட்டுவிடும். ஆண் சாம்பல் நிறம். பெண் பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. கண்மாய் ஓரம் வரும் சேற்றுப் பூனைப்பருந்து இவற்றைவிடப் பெரிது.

கஜகஸ்தான், ரஷ்யா பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி விழுவதற்குள் கிளம்பி வருகிற கூட்டம் இது. பங்குனிவாக்கில் திரும்பிப் போய்விடும்.

வலசை போகும் பருந்துகளை எண்ணுவது உலகின் பல இடங்களில் பெரிய திருவிழா. மெக்சிகோவின் வெராகுரூஸில் ஒரே பருவத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேல் கடந்து போகின்றன. ஆனால், இந்த எண்ணிக்கை வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடங்களில் முக்கியமானது, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ‘ஹாக் மவுன்டன்’. ஒரு காலத்தில் அந்த மலைமுகட்டில் ஆட்கள் துப்பாக்கியோடு உட்கார்ந்து, போகிற பருந்துகளைப் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934இல் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்து, காவலுக்கு மாரிஸ் புரூன் என்பவரை வைத்தார். காவலுக்கு வந்தவர் சும்மா இருக்கவில்லை. கடந்து போன ஒவ்வொரு பறவையையும் எண்ணி எழுதினார்.

வருஷக்கணக்காக எழுதிய அந்த நோட்டு பின்னால் எங்கே உதவியது தெரியுமா? வெண்தலைக் கழுகுகளில் இளசுகள் குறைந்துகொண்டே வருவதை அது காட்டியது. 1930களின் பிற்பகுதியில் பத்துக் கழுகு போனால் நாலு, அந்த வருஷத்து இளங்கழுகாக இருந்தது. 1957இலோ 32 பெரிய கழுகுகளுக்கு ஒரே ஒரு இளசு. பெரியவை பறந்துகொண்டுதான் இருந்தன, குஞ்சுதான் இல்லை. டிடிடி போன்ற பூச்சிமருந்துகளைப் பற்றி 1962இல் ‘மௌன வசந்தம்’ எழுதிய ரேச்சல் கார்சன் இந்தக் கணக்கையும் சாட்சிக்கு வைத்தார். பத்து வருஷம் கழித்து 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது.

திண்டுக்கல் சமவெளியில் அப்படி முகட்டில் உட்கார்ந்து எண்ண முடியாது. சிறுமலையில் ஏறி நின்றாலும் பருந்து ஆறு எதுவும் ஓடாது. தென்தமிழ்நாடு பூனைப்பருந்துக்கு வழி இல்லை, போய்ச்சேரும் ஊர். அதனால் இங்கே அதைப் படுக்கையில்தான் எண்ண வேண்டும்.

இந்தப் பருந்து மரத்தில் தூங்குவதில்லை. பகலெல்லாம் தனித்தனியாக இரை தேடிவிட்டு, பொழுது சாயும்போது பல திசையிலிருந்தும் ஒரே புல்வெளிக்கு வந்து, முழங்கால் உயரப் புல்லுக்குள் ஆளுக்கொரு இடம் பார்த்துத் தரையில் படுத்துக்கொள்ளும். எண்ணப் போகிறவர்கள் சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே தள்ளி உட்கார்ந்து, திசையைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். வந்தவை உடனே இறங்காது, தாழ்வாகச் சுற்றும்; எண்ணியதையே மறுபடி எண்ணிவிடும் ஆபத்து அங்கேதான். கிட்டே போகக் கூடாது; டார்ச் அடிக்கவே கூடாது. கலைந்துவிட்டால் இருட்டில் வேறு இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். பறவைகள் போன பிறகு காலையில் போனால் தரையில் கக்கல் உருண்டைகள் கிடக்கும். உடைத்துப் பார்த்தால் வெட்டுக்கிளிக் கால்கள், எலி முடி. விவசாயிக்கு இதைவிடச் சம்பளமில்லாத வேலையாள் கிடைக்க மாட்டார்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஏட்ரீ’ ஆராய்ச்சி நிறுவனத்தினர் இப்படிப் பல மாநிலங்களில் பல வருஷமாக எண்ணி வருகிறார்கள். ஆந்திராவில் கானமயிலுக்குப் பேர்போன ரோலப்பாடு போன்ற பழைய படுக்கை இடங்களில் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதுதான் அவர்கள் சொல்லும் சேதி.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். இந்தப் புல்வெளிக்கு ரெவின்யூ கணக்கில் பெயர் ‘தரிசு’. இல்லையென்றால் ‘மேய்க்கால் புறம்போக்கு’. தரிசு என்று எழுதிவிட்டால் அதில் என்ன செய்தாலும் லாபம்தான் என்று ஆகிவிடுகிறது. பிளாட் போடலாம், சோலார் தகடு பதிக்கலாம். நல்லெண்ணத்தில் மரக்கன்று நடுபவர்களும் உண்டு. ஆனால், மரம் அடர்ந்த இடத்தில் பூனைப்பருந்து படுக்காது. அதற்கு வேண்டியது நாலு பக்கமும் தெரிகிற வெட்டவெளி. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் தேவாங்குக்காக 2022இல் கடவூர் சரணாலயம் வந்தது, 11,806 ஹெக்டேர். காட்டுக்குக் காவல் கிடைத்துவிட்டது. ஆடு மேய்கிற புல்வெளிக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை இன்னும் இல்லை. அங்கே பருந்து படுக்கிறது என்பதை முதலில் அறிந்திருப்பவர் மாலையில் ஆடு திருப்புகிறவர்தான். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதும் கணக்கில் சேர்த்திதான்.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் கலந்துகொள்ளலாம். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை ‘ஈபேர்ட்’ செயலியில் ஏற்றினால் போதும். சாம்பலா பழுப்பா என்று புரியாவிட்டால் ‘ஏதோ ஒரு பூனைப்பருந்து’ என்றே பதியலாம். அனுபவசாலிகளே பெண் பறவைகளை அப்படித்தான் எழுதுகிறார்கள். போன வருஷம் பத்து வந்த தரிசில் இந்த வருஷம் பொழுது முழுக்க இருட்டியும் ஒன்றுகூட இறங்கவில்லை என்றால், அந்தத் தேதியையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, எதிரே பூஜ்யம் என்று எழுத வேண்டும்.