ஆங்கிலப் பிரதியே இறுதியானது

நுழைவுப் பரீட்சை பற்றி நம் சிறுபத்திரிகைகள் பேசுவதில்லை. அது அரசியல்வாதி மேடையில் பேச வேண்டிய சமாசாரம், கல்வி நிபுணர் அறிக்கை எழுத வேண்டிய சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டு, மொழி பற்றியும் அர்த்தம் பற்றியும் பக்கம் பக்கமாய் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு மொழியின் அர்த்தம் விதிமுறைப்படியே ரத்தாகும் இடம் ஒன்று உண்டென்றால் அது மருத்துவக் கல்லூரிக்கான கேள்வித்தாள்தான் என்பது என் கட்சி. விமர்சகனுக்கு இதைவிட உரிய விஷயம் வேறென்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

2018 மே 6ந் தேதி நடந்த நீட் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் ஏறக்குறைய 24,000 பேர். 180 கேள்விகளில் 49 கேள்விகளின் தமிழ் பிழையானதென்று வழக்கு வந்தது. சிறுத்தை இருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. தமிழில் படித்தவனுக்குச் சீத்தா என்றால் பழம் ஞாபகத்துக்கு வரும். பாய்ந்தோடும் மிருகம் வராது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தரும்படி ஜூலை 10ந் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. எல்லோருக்கும் ஒரேயடியாக 196 என்பது சரியான பரிகாரமா என்று வாதிக்கலாம். ஆனால் தப்பான வாக்கியத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட குற்றத்துக்காக ஒருவன் இழந்த மதிப்பெண், இழந்ததாகவே போயிற்று.

இது கவனக்குறைவு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் எழுந்தால் ஆங்கிலப் பிரதியே இறுதியானது என்று தேர்வு விதியே சொல்கிறது. அதாவது, தமிழில் எழுதலாம். தமிழை நம்பக் கூடாது. தமிழ்ப் பக்கம் ஒரு மரியாதைக்கு அச்சடிக்கப்படுகிறது. அதில் அர்த்தம் இருந்தால் அது தற்செயல். இல்லாவிட்டால் யாரும் பொறுப்பில்லை. மொழிபெயர்ப்புக் கவிதையில் ஒரு சொல் பிசகினால் மூன்று இதழ்களுக்குச் சண்டை போடும் நாம் இந்த விதியைப் படித்ததாகக்கூடத் தெரியவில்லை.

இந்த விதி மாணவனின் மனசுக்குள் எப்படி இறங்குகிறது என்பதுதான் முக்கியம். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து இறங்கிவந்து கள்ளக்குறிச்சியில் தங்கித் தயார்செய்யும் பையன் ஒருவனுக்கு மாலை வேளைகளில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். கேள்வியைப் படிக்குமுன் நாலு விடைகளையும் படித்துவிடுகிறான். பயிற்சியில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். பிறகு 'அல்ல', 'தவிர' என்ற சொற்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடுகிறான். தமிழ் வாக்கியம் தடுக்கினால் பக்கத்து ஆங்கிலத்தில் தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தாவுகிறான். அவன் தமிழையும் படிக்கவில்லை, ஆங்கிலத்தையும் படிக்கவில்லை. 180 நிமிஷத்தில் 180 கேள்வி; தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. இதில் 'ஏன்' என்று கேட்பவன் முட்டாள். படிப்பதற்கான தயாரிப்பு என்ற பெயரில் நடப்பது, படிக்காமலிருப்பதற்கான தயாரிப்பு.

இந்தப் பழக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் செலவாகிறது. 2021ல் ஏ.கே. ராஜன் குழு கொடுத்த அறிக்கைப்படி, மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் நீட்டுக்கு முன் 100க்கு 12 பேர். 2020-21ல் 71 பேர். அந்த இடைப்பட்ட சேர்க்கைகளில் தமிழ்வழி மாணவர்கள் 100க்கு 4 பேர்கூட இல்லை. இதற்குப் பெயர் தகுதி. ஓராண்டோ ஈராண்டோ வீட்டுக்குச் சம்பாதிக்காமல் உட்கார முடிந்தவனின் தகுதி.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலையடைந்து 29 ஆண்டுகள் கழித்தே சர்க்கார் அங்கே ஏறியது. தான் தாமதமாக வந்ததற்குச் சர்க்கார் எந்த மதிப்பெண்ணையும் கழித்துக்கொள்ளவில்லை. கழிவெல்லாம் வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் படிக்கிற பிள்ளைக்குத்தான். மலைப்பிள்ளைக்குக் கடுக்காய் தெரியும், மூலிகை தெரியும், ஆகவே அவனை டாக்டராக்கு என்ற பசப்பு எனக்கு வேண்டாம். அவனுக்கு ரத்த ஓட்டமும் மரபணுவும் தெரிய வேண்டும். தனக்குப் புரிகிற மொழியில் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

நீட்டை எதிர்க்கும் நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நுழைவுத் தேர்வு டில்லி தந்த நோய் என்கிறோம். 1984ல் தமிழ்நாட்டில் அதைக் கொண்டுவந்தது நம் சர்க்கார்தான். 2006ல் சட்டமியற்றித்தான் அதை ஒழித்தோம். ஒழித்த பின் பிளஸ் டூ மதிப்பெண்ணை அரியணையில் உட்கார வைத்தோம். பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திணித்த பிராய்லர் பள்ளிகள் கொழுத்தது எந்த விதையில்? குழுமூர் அனிதாவின் மரணத்துக்கு 2017ல் நியாயம் கேட்டது சரி. ஆனால் அந்தப் பெண்ணை 1176 என்ற எண்ணாகச் சுருக்கி, எண்ணுக்கு எதிராக எண்ணை நிறுத்தினோம். எந்த மொழியில், எப்படிச் சிந்தித்து அவர் அங்கே வந்து சேர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எதிரியின் தராசையே கடன் வாங்கிய எதிர்ப்பு அது.

2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நல்ல காரியம். அது வாசலை அகலப்படுத்தியது. வாசலில் நிற்கும் மொழியை அது தொடவில்லை. 2021ல் சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்பது 2025 ஏப்ரலில் உறுதியாயிற்று. விலக்குக்குப் போராடட்டும். பரீட்சை இருக்கும்வரை நாம் கேட்க வேண்டிய ஒரு வரி உண்டு: தமிழில் எழுதுகிறவனுக்குத் தமிழ்ப் பிரதியே இறுதியானது, அது பிழையானால் அந்தக் கேள்வியே செல்லாது. இந்த ஒரு வரி விதியாகிவிட்டால், தமிழில் கேள்வி எழுதத் தெரிந்தவர்களைத் தேடியாக வேண்டிய நிர்ப்பந்தம் வரும்.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து 2022 ஜனவரியோடு கணக்கு, இடங்கள் 150. பழங்குடியினருக்கு மாநில ஒதுக்கீடு 100க்கு 1. மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற கிழவி அங்கே இருக்கும் இளம் டாக்டரிடம் மாரை அடைக்குது என்பாள், வவுத்தைப் பொரட்டுது என்பாள். நாலு விடை தரமாட்டாள். வாக்கியத்தை முடிக்காமலும் விடுவாள். அதைக் கேட்டு அர்த்தம்பண்ணத் தெரிந்தவன்தான் வைத்தியன். அவள் பேச்சுக்கு ஆங்கிலப் பிரதி கிடையாது.