உமியோடு மலையிறங்கும் சாமை

ஜவ்வாது மலையில் 'நாடு' என்றால் பல குக்கிராமங்கள் சேர்ந்த ஒரு தொகுப்பு. திருப்பத்தூரிலிருந்து மலையேறினால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள். ஊராட்சிகளும் அதே பெயரில்தான் இருக்கின்றன. பெயரைப் பார்த்து அங்கே நெல் கொழிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது நெல்லி. ஓடையோரத் துண்டு நிலங்களை விட்டால், சரளை கலந்த செம்மண் சரிவுகளில் மானாவாரியாக நிற்பது சாமைதான்.

ஓர் ஐப்பசியில் அங்கே ஒரு களத்து மேட்டில் நின்றிருந்தேன். சாமை மூட்டைகள் உமியோடு வேனில் ஏறிக்கொண்டிருந்தன. மேலே வரும்போது அதே வேன் ரேஷன் அரிசியைக் கொண்டு வந்திருந்தது. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, "குத்த ஆள் இல்ல சார். குத்துனா கை ஓஞ்சிபோவுது. அரிசி சும்மா வருது" என்றார். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. ரேஷன் அரிசி மலையில் பசியைத் தீர்த்தது. அதைக் குறை சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் மலையில் விளைவது மலைக்காரர் வாய்க்கும் போகாமல், உரிய விலைக்கும் போகாமல் கீழே இறங்குகிறதே, அதைத்தான் பேச வேண்டும்.

இந்த மக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பு எதுவும் இல்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறினார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. மலையில் உழவு அதற்கும் வெகு காலம் முந்தையதாக இருக்கலாம். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்த மலையில் நடுகற்களையும் புதிய கற்காலக் கோடரிகளையும் பதிவு செய்திருக்கிறார்கள். வழவழப்பாகத் தேய்த்த அந்தக் கற்கோடரிகளைச் சில கோயில்களில் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். காட்டைத் திருத்தி விதைக்க உதவிய கருவி சாமியாகிவிட்டது பொருத்தம்தான் என்று உழவியல் படித்த எனக்குத் தோன்றியது.

சாமைக்கு வருவோம். ஆயிரம் மணிகளை எடை போட்டால் 3 கிராம்கூட வராது. அவ்வளவு சிறிய மணியை உமி இறுக்கமாகக் கவ்விக்கொண்டிருக்கும். சாதாரண நெல் அரைவை இயந்திரத்தில் போட்டால் பாதி அப்படியே வரும், பாதி நொய்யாகும். இதற்கென்று தனி உமி நீக்கும் இயந்திரம், கல் பிரிக்கும் இயந்திரம், சலிப்பான் எல்லாம் வேண்டும். உமியோடு இருக்கும் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி நீங்கிய பிறகு தவிட்டில் உள்ள எண்ணெய்ச் சத்தால் சில மாதங்களில் சிக்கு வாடை அடித்துவிடும். ஆகவே உமியோடு இருப்பு வைத்து, விற்கும்போது அரைப்பவருக்குத்தான் லாபம். இன்று அந்த வசதி சமவெளி வியாபாரியிடம் இருக்கிறது. 100 கிலோ சாமையில் 60 கிலோவை ஒட்டி அரிசி கிடைக்கும். நகரக் கடைகளில் அந்த அரிசி விற்கும் விலை உங்களுக்கே தெரியும்.

2018இல் மத்திய அரசு இவற்றைச் 'சத்து தானியங்கள்' என்று அழைக்கச் சொன்னது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆனால் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். கேழ்வரகுக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சாமையின் பெயரே இல்லை. அங்கே 'குட்கி' என்று அழைக்கப்படும் இதே சாமைக்குச் சத்தீஸ்கர் அரசு தானாகவே கொள்முதல் விலை அறிவித்து வாங்கியது. நம்மாலும் முடியும். நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2023 முதல் கேழ்வரகு கொடுத்துப் பார்த்த மாநிலம்தானே இது? ஜவ்வாது மலைக் கடைகளில் சாமை அரிசி ஏன் கூடாது?

இது வெறும் விலைப் பிரச்சினை இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். நூறு நாள் பாடுபட்டு எடுக்கும் சாமையில் கிடைக்காத காசை, மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர் சில நாளில் காட்டினால் இளைஞன் என்ன செய்வான்? சட்டத்தைச் சொல்லித் தடுத்தால் மட்டும் போதாது. வயலில் வருமானம் வேண்டும்.

வழி தெரியாமல் இல்லை. மலையின் திருவண்ணாமலை மாவட்டப் பகுதியான ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்கள் நிறுவனமாகச் சேர்ந்து சாமையை மதிப்புக்கூட்டி விற்கிறார்கள். அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் ஏடிஎல் 1 சாமை ரகத்தைத் தந்திருக்கிறது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகு, ஆட்சியரைப் பார்க்க வேலூர் வரை போகும் அலைச்சலும் இல்லை. நாட்டுக்கு ஒரு அரைவை அலகும், அதை ஓட்ட மும்முனை மின்சாரமும், அதை நடத்த ஒரு மகளிர் குழுவும் போதும். இயந்திரத்தைக் கொடுத்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அது துருப்பிடிக்கும். அப்படி இரண்டை வேறு மலைகளில் பார்த்துவிட்டேன். பழுது பார்க்க உள்ளூர்ப் பிள்ளைகள் இருவருக்குப் பயிற்சி கொடுப்பது இயந்திரத்தைவிட முக்கியம்.

உழவர்களும் செய்ய வேண்டியது உண்டு. மண் களத்தில் அடித்தால் சாமை அளவிலேயே மணல் கலந்துவிடும். வியாபாரி விலை குறைக்க அதுவே சாக்கு. தார்ப்பாய் விரித்து அடியுங்கள். வீசி விதைக்க ஹெக்டேருக்கு 12.5 கிலோ விதை, வரிசையில் விதைத்தால் 10 கிலோ போதும். களை எடுப்பதும் எளிது. முதல் மழையிலேயே விதைத்தால் குருத்து ஈயின் தொல்லை குறையும்.

ஆனி மழையில் விதைத்தால் புரட்டாசிக் கடைசியில் கதிர் களத்துக்கு வந்துவிடும். ஒரு மின் இணைப்பு கொடுக்க அதிகாரிகளுக்கு அதற்குள் நூறு நாள் இருக்கிறது.