ஜன்னல் வழியா போற ஒயரு

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாவுக்கும் எனக்கும் சின்னதா ஒரு போர். காரணம் சொத்து இல்ல, என் கல்யாணமும் இல்ல (அது தனிக்கதை). ஒரு ஒயரு!

எங்களுக்கு அரியலூர் பக்கம். ரிடையர் ஆனப்புறம் அப்பா கொல்லையில கொட்டகை போட்டு ஒரு பட்டறை வச்சிருக்கார். டிரில், ஆங்கிள் கிரைண்டர், மரம் அறுக்க ஒரு கட்டர். அத்தனைக்கும் கரண்டு, சமையலறை பிளக்குல இருந்து ஜன்னல் கம்பி வழியா போற ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயர்லதான். மிச்ச ஒயரைச் சுருட்டி ஆணியில மாட்டியிருக்கார். கீழ மரத்தூள் குவியல். தொட்டுப் பார்த்தேன், சுட்டுச்சு.

"இத்தன வருசமா ஒண்ணும் ஆகலடா. எம்.சி.பி. இருக்கு, எர்த்தும் போட்டிருக்கு, வேற என்ன வேணும்?"

நம்மள்ல பாதிப் பேர் சொல்றது இதுதான். ஆனா ரெண்டுமே தப்பான தைரியம்னு நான் சொல்றேன்.

முதல்ல சூடு. கட்டர் 1400 வாட்ஸ், கிரைண்டர் 850 வாட்ஸ். ரெண்டும் ஒண்ணா ஓடினா கிட்டத்தட்ட 10 ஆம்ப்ஸ். ஒயர் 0.75 ஸ்கொயர் எம்.எம்., 10 மீட்டர். போக வர 20 மீட்டர் செம்பு, சுமார் அரை ஓம். கணக்குப் போட்டா 50 வாட்ஸ் சூடு. நீட்டிப் போட்டா காத்துல போயிடும். சுருட்டி வச்சா, ரெண்டு 25 வாட்ஸ் சால்டரிங் அயர்னை அந்தச் சுருளுக்குள்ள சொருகின மாதிரி. 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. இதைக் கண்டுக்கவே கண்டுக்காது. அதோட பார்வையில எல்லாம் சரியா இருக்கு.

அடுத்து எர்த். மழைக்காலத்துல போட்ட எர்த் குழி சித்திரை வெயில்ல காஞ்சு கிடக்கும். அதோட ரெசிஸ்டன்ஸ் 20 ஓம்னு வச்சுக்குங்க. மெஷின் பாடியில பேஸ் தொட்டுட்டா, 230 வகுத்தல் 20, பதினொன்றரை ஆம்ப்ஸ்தான் ஓடும். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. விழாது! மெஷின் பாடி லைவாவே நிக்கும். பிடிச்சிருக்கிறது அப்பா கை. நெஞ்சு வழியா 30 மில்லி ஆம்ப்ஸ் கொஞ்ச நேரம் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. 16 ஆம்ப்ஸ்னா 16,000 மில்லி ஆம்ப்ஸ். எம்.சி.பி. காப்பாத்துறது ஒயரை, ஆளை இல்ல.

ஆளைக் காப்பாத்துறது 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒண்ணா இல்லன்னா கண்ணிமைக்கிற நேரத்துல ஆஃப் பண்ணிடும். அதுவும் சர்வரோக நிவாரணி இல்ல. பேஸையும் நியூட்ரலையும் ஒண்ணா பிடிச்சா அதுக்குத் தெரியாது. ஓவர்லோடுக்கு எம்.சி.பி.யும் வேணும். எர்த்தும் வேணும்.

இதை மாட்டினவங்க பல பேர் "சும்மா சும்மா விழுது"ன்னு பைபாஸ் பண்ணிடறாங்க. பெரும்பாலும் குற்றவாளி வேற சர்க்யூட்ல இருந்து கடன் வாங்கின நியூட்ரல், இல்லன்னா நிஜமாவே லீக்கேஜ். அலாரம் அடிக்குதுன்னு அலாரத்தை உடைக்கலாமா? நம்ம ஆபீஸ்ல வார்னிங்கை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ரிலீஸ் போடுவோமே, அதே புத்தி. அங்க ஆணி புடுங்கிச் சரி பண்ணிக்கலாம். இங்க கன்ட்ரோல் இஸட் கிடையாது.

பக்கத்துல பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர். அந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது. நமக்கெல்லாம் பெருமைதான். கையை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் இது. மரத்தூள் பறக்கிற எந்தப் பட்டறையா இருந்தாலும், உளிக்குக் கொடுக்கிற மரியாதையில பாதியாவது ஒயருக்குக் கொடுக்கணும்ங்கிறது என் கட்சி.

கடைசியில லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூட்டிட்டு வந்தோம். கொட்டகைக்குத் தனியா 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், பைப்புக்குள்ள. தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. பெஞ்சுக்கு மேல ரெண்டு பிளக், அதனால ஒயர் தரையில கிடக்காது. டேப் சுத்தின ஜாயின்ட் எல்லாம் குப்பைக்குப் போச்சு. கிரைண்டர்ல பழைய பிளக்கை மாத்தும்போது ஒயர்மேன் ஒண்ணு காட்டினார். வீட்டு ஒயரிங்ல சிவப்பு, கருப்பு, பச்சை; மெஷின் ஒயர்ல பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். பழுப்புதான் பேஸ். இது தெரியாம கருப்புன்னு நினைச்சு மாத்திக் கொடுத்தவங்க எத்தனை பேரோ.

ஆர்.சி.சி.பி. செலவு ஒரு கிரைண்டர் விலைக்குள்ள அடங்கிடும். அடுத்த மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி இதை வாங்குங்க மக்களே. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

அப்பா தோத்துட்டதா ஒத்துக்கல. ஆனா மாசம் ஒண்ணாந்தேதி டெஸ்ட் பட்டனை அமுக்கிட்டு எனக்கு போன் பண்றார். "டக்குனு விழுந்துச்சுடா."

டிஸ்கி: அந்தப் பழைய ஒயரை அம்மா துணி காயப்போட எடுத்துக்கிட்டாங்க. பிளக்கை வெட்டிட்டுத்தான் கொடுத்தேன்!