பூந்தமல்லிக்காரர் கொண்டுவந்த பதில்

ஒருவருக்குக் கேன்சர் என்று தெரிந்துவிட்டால் நம்மாட்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள். கையில் நாலு சாத்துக்குடி, வாயில் ஒரு சித்தாந்தம். ஒருத்தர் முள் சீத்தா இலைக் கஷாயம் சொல்வார். இன்னொருத்தர் திருவேற்காட்டு அம்மனுக்கு உப்பு மிளகு போடச் சொல்வார். (இதாவது தேவலை. காற்றாட வெளியே போய்வந்த மாதிரி இருக்கும்.) மூன்றாவது ஆள்தான் ஆபத்தானவர். பழத்தை டீப்பாயில் வைத்துவிட்டு, 'எல்லாம் பூர்வ ஜன்மப் பாவம்' என்று பெருமூச்சு விடுவார். படுத்திருக்கிறவருக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

நான் பி.காம். யார் கணக்கு சொன்னாலும் வவுச்சர் கேட்கிற ஜாதி. பாவம் செய்தவனுக்குத்தான் கேன்சர் என்றால் ராமகிருஷ்ண பரமஹம்சரை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? தொண்டையில் புற்றுநோய் வந்து 1886-ல் காலமானார். ரமண மகரிஷிக்கு இடது கையில் கட்டி. 1949 ஒரே வருஷத்தில் நாலு ஆபரேஷன், 1950 ஏப்ரல் 14-ல் சமாதி. இவர்களை டெபிட் பக்கம் போடுகிற ஆடிட்டர் இருந்தால் சொல்லுங்கள், பார்க்க வேண்டும்.

பரமஹம்சரைச் சீடர்கள் விடவில்லையாம். 'கொஞ்சமாவது சாப்பாடு இறங்கட்டும், அம்பாளிடம் கேளுங்களேன்' என்று நச்சரித்தார்கள். கேட்டார். அம்பாள் எதிரே இருந்த சீடர்களைக் காட்டி, இத்தனை வாயாலும் நீதானே சாப்பிடுகிறாய் என்றாளாம். அதற்குமேல் கேட்க அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சரி, டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்? லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்று ஒரு அம்மாள். முதலில் நர்ஸ், பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். புற்றுநோய்க்காரரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனசு, குடும்பம், 'எனக்கு ஏன்?' என்கிற கேள்வி எல்லாம் சேர்ந்த முழு வலி என்றார். அப்புறம் வந்தவர்கள் இந்தக் கேள்வியை அளக்கவே பன்னிரண்டு வரிப் பட்டியல் ஒன்று தயாரித்தார்கள். அதில் நம்பிக்கை பற்றி நாலே நாலு. மீதி எட்டும் மனசு அமைதியாக இருக்கிறதா, வாழ்வதில் அர்த்தம் தெரிகிறதா என்கிற ரகம். நோயாளியின் நாட்கள் நன்றாகப் போவதற்கும் இந்த எட்டுக்கும்தான் நெருக்கம் அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிந்தது.

அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் தெருப் பெரியவர் இந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். நாக்கில் புற்று, எலும்புக்கும் போய்விட்டது. சாயங்காலமானால் ஐ.டி.ஐ. பையன்கள் ரெண்டு பேருக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லித்தருவார். பேச்சு குழறும், விரல் குழறாது. அந்த ஒரு மணி நேரம் அவரைப் பார்க்கணுமே!

வலிதான் அதையும் நிறுத்தப் பார்த்தது. டாக்டர் மார்ஃபின் எழுதினார். 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதையே விட்டிருந்த காலம் உண்டு. 2014 திருத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் சுலபம். மாத்திரை வந்துவிட்டது. வீட்டம்மா கொடுக்க மாட்டேன் என்றார். 'நினைவு தப்பிட்டா கடைசி நேரத்துல பெருமாள் பேர் எப்படிப்பா வரும்?' அளவாகக் கொடுத்தால் முதல் சில நாள்தான் அசத்தும், அப்புறம் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

வாங்க வைத்தது அவருடைய பூந்தமல்லி அக்கா. அந்த ஊரில் பிறந்தவர்தான் திருக்கச்சி நம்பி. காஞ்சி வரதருக்கு விசிறி வீசினவர். வரதர் அவரோடு பேசுவார் என்பது ஐதிகம். ராமானுஜருக்குச் சில சந்தேகங்கள். என்னவென்று சொல்லாமலே, 'என் மனசில் இருப்பதைக் கேட்டு வாருங்கள்' என்றார். நம்பி போனார். ஆறு பதில்களோடு வந்தார். தன் கருத்து என்று ஏழாவதாக ஒன்றைச் சேர்க்கவில்லை. அந்த ஆறில் ஒன்று: சரணடைந்தவனுக்குக் கடைசி நேர நினைவு தேவையில்லை.

'பெருமாளே வேண்டாம்னுட்டார், நீ யாருடி கேட்க?' என்றார் அக்கா.

இப்போது அந்த அம்மா நாலு மணிக்கொரு தடவை கடிகாரம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். பையன்கள் ஆறு மணிக்கு வருகிறார்கள்.