மாகாஸ்தோட்டை முதல் தியத்தலாவை வரை: மலையகத்தின் கார்ப் பந்தயமும் கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் மக்களும்

சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் நுவரெலியா வேறொரு நகரமாகிவிடும். கிரகரி வாவியைச் சுற்றி வாகன நெரிசல், குதிரைப் பந்தயத் திடலில் தொப்பி அணிந்த கனவான்கள், மலர்க் கண்காட்சி, விடுதிகளில் இரட்டிப்பு வாடகை. இவற்றோடு கார்ப் பந்தயமும் வரும். மாகாஸ்தோட்டையிலும் ரதல்லவிலும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே செல்லும் வீதி அன்று மூடப்படும். கொழும்பிலிருந்து வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறும். தோட்டத்து மக்கள் மேட்டில் ஏறி நின்று பார்ப்பார்கள்.

இது பொழுதுபோக்கு, இதில் அரசியல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்ததற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாகக் கேட்க முடியாது. அன்று பொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் 8 வயதுச் சிறுமி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மலையகத்தின் பந்தயங்களில் யார் ஓட்டுகிறார்கள், யார் நடத்துகிறார்கள், யார் கயிற்றுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய தேவை அங்கிருந்து தொடங்குகிறது.

துரைமாரின் விளையாட்டு

மாகாஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இல் ஆரம்பமானது. ஆசியாவின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களில் ஒன்று என்று அதனை நடத்துவோர் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தக் காலத்து நுவரெலியா பிரித்தானியரின் குளிர்வாசஸ்தலம். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல், வாவி அமைக்கப்பட்டது. குதிரைப் பந்தயமும் கோல்ப் மைதானமும் அதே காலகட்டத்தின் வரவுகள். தோட்டத்துரைமாரிடம் கார்கள் இருந்தன, வளைந்து ஏறும் வீதிகள் இருந்தன, ஏப்ரலில் ஓய்வும் இருந்தது. பந்தயம் அதிலிருந்து பிறந்தது.

மலையேற்றப் பந்தயம் வட்டப் பாதையில் பல கார்கள் முட்டி மோதி ஓடுவது போன்றதல்ல. ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டுமே புறப்படும். அடிவாரத்திலிருந்து உச்சிக் கோடு வரை எடுத்த நேரம் கணக்கிடப்படும். வெற்றி தோல்வியைச் செக்கனின் பின்னங்களே தீர்மானிக்கும். கொண்டை ஊசி வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கியரில் வெளியே வருவது என்பதில்தான் ஓட்டுநரின் திறமை. தனியாகப் பந்தயத் திடல் கட்டத் தேவையில்லை, ஒரு மலை வீதி போதும். ஆதலால் செலவும் குறைவு.

அந்த வீதி யாருடைய உழைப்பு என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலையைக் குடைந்து, கல் உடைத்து, மண் சுமந்து வீதியையும் தேயிலையையும் உருவாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். மலையகப் பந்தயத்தின் வரலாறு பேசப்படும்போது துரைமாரின் பெயர்களும், பின்னர் கொழும்பிலும் கண்டியிலும் வசதி படைத்தவர்களின் பெயர்களும் வருகின்றன. லயன் குடும்பங்கள் அதில் பார்வையாளர்களாக மட்டுமே வருகின்றன. ஏன் அப்படி என்பதற்கு விடை தேட, கார்ப் பந்தயத்தை மலைநாட்டு ஏழைகளே வளர்த்தெடுத்த இன்னொரு நாட்டைப் பார்ப்பது பயன் தரும்.

வேர்ஜீனியாவில் ஒரு சிறிய அணி

அமெரிக்காவில் ஸ்டொக் கார் பந்தயம் என்றால் கடையில் வாங்கும் சாதாரணக் காரை மாற்றியமைத்து ஓட்டுவதாகவே அது தொடங்கியது. அதன் வளர்ச்சியில் அப்பலேச்சியன் மலைப் பகுதிகளில் கள்ளச் சாராயம் கடத்தியவர்களுக்குப் பெரும் பங்குண்டு. பொலிஸாரிடமிருந்து தப்ப, தங்கள் கார்களைத் தாங்களே வேகமாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். நாஸ்கார் என்ற அமைப்பு 1948 பெப்ரவரியில் பதிவானது. அதே ஆண்டு நவம்பரில்தான் இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது.

வேர்ஜீனியா மாநிலத்தின் டென்வில் நகரைச் சேர்ந்த வென்டல் ஸ்கொட் ஒரு கறுப்பின மெக்கானிக். இரண்டாம் உலகப் போரில் இராணுவ வாகனங்களைப் பழுது பார்த்தவர். ஊர் திரும்பி கராஜ் நடத்தினார், சாராயமும் கடத்தினார். 1952 இல் பந்தயத்துக்கு வந்தார். அவருடைய அணி என்பது அவரும் அவருடைய பிள்ளைகளும்தான். பெரிய நிறுவனங்களின் ஆதரவு கிடைக்கவில்லை. மற்றவர்கள் பாவித்த கார்களையும் உதிரிப்பாகங்களையும் வாங்கி ஓட்டினார். நிறத்தின் காரணமாகச் சில திடல்களில் அவரை ஓட விடவில்லை.

1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் திடலில் அவர் வென்றார். ஆனால் வெற்றிக்கொடி வேறொருவருக்குக் காட்டப்பட்டது. கிண்ணத்தையும் அந்த மற்றவரே பெற்றுச் சென்றார். பார்வையாளர்கள் கலைந்து போன பின்னரே கணக்கில் பிழை என்று ஒப்புக்கொண்டு ஸ்கொட்டை வெற்றியாளராக அறிவித்தார்கள். ஏறத்தாழ 500 பந்தயங்களில் ஓடிய அவர் 1973 இல் டலடேகா திடலில் நடந்த பெரும் விபத்தோடு ஏறக்குறைய ஓய்வு பெற்றார். 1990 இல் காலமானார். 2015 இல் நாஸ்காரின் புகழ்மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. அன்று வழங்கப்படாத கிண்ணத்துக்கு ஈடாக நாஸ்கார் ஒன்றை அவருடைய குடும்பத்திடம் கையளித்தது 2021 இல்தான். வென்ற நாளிலிருந்து ஏறத்தாழ 58 ஆண்டுகள்.

போருக்குப் பின்னர் அங்கீகாரத்துக்கும் நீதிக்கும் காத்திருக்கும் நம் மக்களுக்கு இந்தக் காத்திருப்பு புதியதல்ல. ஆனால் ஸ்கொட்டின் கதையில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இனவாதம் அவரிடமிருந்து கிண்ணத்தைப் பறித்தது, பணத்தைப் பறித்தது. ஆயினும் அவரிடம் ஒரு கராஜ் இருந்தது. காரை நிறுத்தி, இரவிரவாக எஞ்சினைக் கழற்றிப் பூட்ட ஓர் இடம் இருந்தது. பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க முடிந்தது.

திறமை இருக்கிறது, இடம் இல்லை

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கராஜ்களுக்குள் எட்டிப் பார்த்தால் திறமைக்குப் பஞ்சம் இல்லை என்பது தெரியும். பழைய லொறியையும் முச்சக்கரவண்டியையும் கிடைத்த உதிரிப்பாகத்தைக் கொண்டு மீண்டும் ஓட வைக்கும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். செங்குத்தான மலை வீதியில் பாரமேற்றிய வாகனத்தை இறக்கும் ஓட்டுநர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். இல்லாதது நிலம்.

பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகின. 1992 முதல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகைகள் வழங்கப்பட்டன. லயன் அறை அதில் வாழும் குடும்பத்துக்குச் சொந்தமல்ல. தோட்ட நிர்வாகம் சம்மதிக்காமல் ஒரு கூரைத்தகட்டை நீட்டுவதே சண்டையாகும். 2023 ஓகஸ்டில் மாத்தளை எல்கடுவ பெருந்தோட்டத்தின் ரத்வத்தைப் பிரிவில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி உடைத்தார். மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து வந்த அதே ஆண்டு அது. குடில் போடவே உரிமையில்லாதவர் கராஜ் போடுவது எப்படி? காணி உறுதி இல்லாதவர் வங்கியில் எதை ஈடு வைப்பது?

தமிழர்களில் இந்த விளையாட்டில் உலக மட்டத்துக்குப் போனவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2005 இல் போர்மியூலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 2010 இல் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் தொடரிலும் ஓடி, அந்த ஆண்டு இரசிகர்களின் வாக்குகளால் அத்தொடரின் மிக விருப்பமான ஓட்டுநராகத் தெரிவானார். தந்தையே ஒரு ரலி ஓட்டுநர். ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த, முதல் போடக்கூடிய குடும்பங்கள் வாழும் நகரம் அவருடையது. டென்வில்லுக்கும் கோயம்புத்தூருக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் இரண்டு இடங்களிலும் ஓட்டியவருக்குத் தன் பெயரில் ஓர் இடம் இருந்தது.

சீருடைக்காரர் நடத்தும் பந்தயம்

இலங்கையின் மோட்டார் பந்தயங்களில் பெரும் பகுதியை இன்று படையினரே நடத்துகிறார்கள். தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் பந்தயம் இராணுவக் கல்வியகத்தோடு இணைந்தது. சாலியபுரவில் கஜபா படையணியின் சுப்பர் குரொஸ், மின்னேரியாவில் பீரங்கிப் படையின் பந்தயம், சீகிரியாவில் விமானப்படையின் ரலி குரொஸ் என்று பட்டியல் நீள்கிறது. நிலமும் ஆளணியும் இயந்திரங்களும் படைகளிடம் இருப்பதால் அவர்களால் இதைச் செய்ய முடிகிறது. வடக்கில் ஹோட்டல், பண்ணை, முன்பள்ளி என்று படையினர் கால் வைத்த துறைகளை அறிந்த வாசகர்களுக்கு இதுவும் அதே வரிசையில் ஒன்றாகவே தெரியும்.

சுப்பர் குரொஸ் மலையேற்றப் பந்தயத்தைப் போன்றதல்ல. மண் பாதையில் பல கார்கள் ஒரே நேரத்தில் ஓடும். தூசி பார்வையை மறைக்கும். ஒரு கார் கவிழ்ந்தால் பின்னால் வரும் கார்களுக்கு உடனே சமிக்ஞை காட்டப்பட வேண்டும். தியத்தலாவையில் முதலில் ஒரு கார் கவிழ்ந்தது. அதன் பின்னரே இன்னொரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. உயிரிழந்தவர்களில் பந்தயத்துக்கு உதவியாகப் பாதையோரம் நின்றவர்களும் அடங்குவர். வேகம் மிகுந்த வளைவுக்கும் மக்களுக்கும் இடையே எவ்வளவு தூரம், என்ன தடுப்பு என்பதே இத்தகைய பந்தயத்தின் முதல் பாதுகாப்பு விதி.

விபத்துக்குப் பின்னர் இரண்டு ஓட்டுநர்கள் கைது செய்யப்பட்டனர். பொலிஸார் விசாரித்தனர். இராணுவமும் தனது குழுவொன்றை நியமித்தது. ஓட்டுநர் தவறு செய்திருக்கலாம், அதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் பார்வையாளர்களை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பவர் ஓட்டுநர் அல்ல, ஏற்பாட்டாளர். ஏற்பாட்டாளரோடு தொடர்புடைய நிறுவனமே தன்னைத் தான் விசாரிப்பது நியாயமாகாது. அந்தப் படையைப் பற்றிய குற்றச்சாட்டுகளை அந்தப் படையே விசாரித்த அனுபவம் நமக்கு முள்ளிவாய்க்காலுக்குப் பின்னரும் உண்டு, அதற்கு முன்னரும் உண்டு. தியத்தலாவையில் இறந்தவர்கள் எந்த இனத்தவராயினும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் சுயாதீன விசாரணைக்கான உரிமை அதே அளவு உண்டு. நமக்கு வேண்டும் என்று கேட்பதை மற்றவருக்கும் சேர்த்துக் கேட்பதில்தான் நம் கோரிக்கைக்கு வலு.

மீதி நாட்களில் அதே மலை

பந்தய நாளில் வீதி மூடப்படுகிறது, கொடியோடு ஆட்கள் நிற்கிறார்கள், அம்புலன்ஸ் காத்திருக்கிறது. மறுநாள் அவை இல்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில், கொழும்புப் பாடசாலை ஒன்றின் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் மோதியதில் வான், முச்சக்கரவண்டி ஆகியவற்றில் சென்ற 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11 அன்று கொத்மலை, கெரண்டிஎல்ல பகுதியில் இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மலை வீதியில் வேகமும் பிரேக்கும் என்ன செய்யும் என்பதைப் பந்தயம் நடத்துபவர்கள் நன்கு அறிவார்கள். அந்த அறிவு அன்றாட வீதிக்கு வந்து சேரவில்லை.

தோட்டத்துக்குள் செல்லும் வீதிகளின் நிலை இன்னும் மோசம். அவை நீண்ட காலமாக யாருக்கும் சொந்தமில்லாத வீதிகளாகவே இருந்தன. தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குப் போட்டுச் சபையைத் தெரிவு செய்த மக்களுக்கு அந்தச் சபையின் வீதி கிடைக்க அவ்வளவு காலம் பிடித்தது. இன்றும் பிரசவ வலி கண்ட பெண்ணை லொறியிலோ முச்சக்கரவண்டியிலோ குண்டும் குழியுமான வீதியில் இறக்கிச் செல்லும் தோட்டங்கள் உண்டு.

கேட்க வேண்டியவை

பந்தயத்தை நிறுத்துங்கள் என்பது நம் கோரிக்கையாக இருக்கத் தேவையில்லை. மலையகத்து இளைஞர்களும் அதை விரும்பிப் பார்க்கிறார்கள். 90 ஆண்டுகளைக் கடந்த பந்தயம் நுவரெலியாவின் அடையாளங்களில் ஒன்று. கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, தியத்தலாவை விபத்தைப் பற்றிய விசாரணை முடிவுகள் அனைத்தும் மூன்று மொழிகளிலும் பகிரங்கமாக்கப்பட வேண்டும். இறந்தோர் குடும்பங்களுக்கான இழப்பீடு தானமாக அல்லாமல் சட்டப் பொறுப்பாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பந்தயப் பாதைக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் ஏற்பாட்டாளரையும் படையினரையும் சாராத ஒரு சிவில் அமைப்பிடம் இருக்க வேண்டும். எச்சரிக்கைகளும் அறிவித்தல்களும் தமிழிலும் இருக்க வேண்டும். பார்த்து நிற்பவர்களில் பலர் தமிழர்கள்.

மூன்றாவது, தோட்ட வீதியில் நடக்கும் பந்தயத்தின் வருமானத்தில் ஒரு பங்கு அந்தத் தோட்டத்தின் வீதிக்கும் அதன் மருத்துவ வசதிக்கும் செல்ல வேண்டும். எங்கள் வீதியை ஒரு நாள் மூடுகிறீர்கள், அதற்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்பது உள்ளூராட்சி உறுப்பினர்களின் கடமை.

நான்காவது எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. வீடும் காணி உறுதியும் பேச்சுவார்த்தைப் பொருளாக மட்டும் இருக்கும் வரை, மலையகத்து மெக்கானிக் இன்னொருவரின் கராஜில் கூலியாகவே இருப்பார். 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குத் தப்பி கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து குடியேறிய மலையக மக்களில் பலர் அங்கும் காணி உறுதியின்றி வாழ்ந்து, கடைசியில் போருக்குள்ளும் அகப்பட்டார்கள். வடக்கிலும் மலையிலும் அவர்கள் கேட்டது ஒன்றைத்தான்: தங்கள் பெயரில் ஒரு துண்டு நிலம்.

அடுத்த ஏப்ரலிலும் கார்கள் மலையேறும். மேட்டில் நிற்கும் பிள்ளைகளில் எவராவது ஒருநாள் அந்தத் தொடக்கக் கோட்டில் நிற்பாரா என்பது அந்தப் பிள்ளையின் திறமையை விட, அதன் பெற்றோரின் கையில் காணி உறுதி இருக்கிறதா என்பதிலேயே தங்கியுள்ளது.