மொட்டை மாடி ஹைட்ரோபோனிக்ஸ்: 20 செடியில் ஜெயித்தவர்கள் 100 செடியில் திணறுவது ஏன்?

பிவிசி குழாயில் வரிசையாக ஓட்டை, கொஞ்சம் கோகோபீட், மீன்தொட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு சின்ன பம்ப். டிசம்பர் குளிரில் ஆரம்பித்தால் ஒன்றரை மாதத்தில் லெட்யூஸ் கைக்கு வந்துவிடும். அடுத்த வாரமே இன்னும் 80 ஓட்டைக்கு ஆர்டர் போகும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மண் இல்லாமல் வளர்ப்பது புதுசு கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் 1930-களிலேயே தொட்டியில் தக்காளி வளர்த்துக் காட்டினார். ஆனால் அந்த ஊர் வெயில் வேறு, சென்னை மாடியின் மே மாத வெயில் வேறு.

வேருக்கும் மூச்சு முட்டும்

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 35 டிகிரியில் அது 7-க்கு இறங்கிவிடும். குறைவது ஒரு மில்லிகிராம்தானே என்று தோன்றும். ஆனால் சூட்டில் வேர் அதிகமாகச் சுவாசிக்கும்; தேவை ஏறுகிற நேரத்தில் வரவு இறங்குகிறது. வேர் பழுப்பாகி, கொழகொழவென்று அழுகத் தொடங்கும். பித்தியம் என்ற வேரழுகல் கிருமிக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தண்ணீர் எல்லாச் செடிக்கும் பொது என்பதால் ஒன்றுக்கு வந்தால் நூற்றுக்கும் பரவும்.

எனவே முதலில் பெரிதாக வேண்டியது குழாய் அல்ல, தொட்டி. தண்ணீர் அதிகமிருந்தால் சீக்கிரம் சூடாகாது. தொட்டியை நிழலில் வைத்து, குழாய்க்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே 50% நிழல்வலை கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். 200 லிட்டர் தொட்டி என்றால் 200 கிலோ. பழைய ஃபிளாட் என்றால் இன்ஜினீயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கரன்ட் போனால்?

18 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 13 யூனிட்தான். பில் பெரிய பயமில்லை, பவர்கட்தான் பயம். குழாய் முறையில் வேரைத் தொட்டு ஓடுவது மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே. மே மாத மதியம் பம்ப் நின்றால் செடி சீக்கிரமே தொங்கிவிடும். பக்கெட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும் முறைக்கு இந்தப் பதற்றம் இல்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பெயரில் வழங்கும் முறைக்கு பம்ப்பே வேண்டாம். நீர்மட்டம் குறையக் குறைய, மேலே திறக்கும் இடைவெளியில் வேர் காற்றை எடுத்துக்கொள்ளும்.

போர் தண்ணீர் சரிப்படுமா?

சத்துக் கரைசல் ஊற்றும் முன்பே மீட்டரில் டிடிஎஸ் 1,000 காட்டினால் சரிப்படாது. லெட்யூஸ் கேட்பது சத்தோடு சேர்த்தே ஏறக்குறைய 500 முதல் 800 வரைதான். ஆர்ஓ கழிவு நீரை வீணாக்க மனசு வராமல் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில்தான் உப்பு இன்னும் அதிகம். மழைநீர் நல்லது. ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் வரும் கரைசலை நீர்க்கும் முன் ஒன்றாகக் கலந்தாலும் போச்சு. கால்சியம் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது.

காசு மிச்சமாகுமா என்றால், தெருவில் வரும் கீரைக்கட்டோடு விலையில் போட்டி போட முடியாது. கடையில் விலை அதிகமுள்ள பேசில், லெட்யூஸுக்குக் கணக்கு ஓரளவு வரும். அதிலும் மார்ச் முதல் ஜூன் வரை லெட்யூஸ் கசந்து, பூத்துவிடும். அந்த நான்கு மாதங்களுக்கு பேசில், புதினா, தண்டுக்கீரை என்று மாறிக்கொள்வதே வழி. புதிய குழாய்களை அக்டோபருக்கு மேல் வாங்கினால் போதும்.